வியாழனுக்கு வால்: தக்கலையில் ஒரு 130 மிமீ லென்ஸைச் சோதித்த கதை

சார் போனில் சொன்ன முதல் வாக்கியம் இது: "தம்பி, வியாழனுக்கு வாலு முளைச்சிருக்கு, கேட்டியா."

சார் என்றால் எனக்குப் பத்தாம் வகுப்பில் அறிவியல் எடுத்தவர். தக்கலைக்குப் பக்கம், பத்மநாபபுரம் கோட்டைச் சுவரிலிருந்து நடந்து போகிற தூரத்தில் வீடு. ஓய்வு பெற்றபோது கைக்கு வந்த பணத்தில் ஒரு பங்கை எடுத்து, வீட்டில் டீச்சரிடம் (அவரும் ஓய்வு பெற்ற ஆசிரியைதான், ஊருக்கே டீச்சர்) பாதி விலையை மட்டும் சொல்லி, ஒரு ட்ரிப்லெட் டெலஸ்கோப் வாங்கியிருந்தார். 130 மிமீ விட்டம், 910 மிமீ குவியத் தூரம், முகப்பில் மூன்று கண்ணாடி சேர்ந்த லென்ஸ். விலை நாலு லட்சத்துக்குக் கொஞ்சம் கீழே. எந்தக் கம்பெனி, யாரிடம் வாங்கினார் என்பதெல்லாம் இங்கே வேண்டாம். கடைசியில் பார்த்தால் அவர்கள் மேல் பெரிய தப்பும் இல்லை, ஆனால் அது தெரிய எங்களுக்கு ஆறு வாரம் பிடித்தது.

புகார் என்ன என்று முதலில் கேட்டு எழுதிக்கொண்டேன். "தெளிவா இல்ல" என்கிற ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு எதையும் கண்டுபிடிக்க முடியாது. சார் வாத்தியார் ஆனதால் வரிசையாகச் சொன்னார். பெரிய உருப்பெருக்கத்தில் வியாழனின் ஒரு ஓரம் மட்டும் புகை இழுத்தாற்போல் நீண்டு நிற்கிறது, அதுதான் வால். நட்சத்திரத்தைப் போக்கஸிலிருந்து உள்ளே தள்ளினால் ஒரு நீள்வட்டம், வெளியே இழுத்தால் அதற்குக் குறுக்காக இன்னொரு நீள்வட்டம். அப்புறம், சின்ன உருப்பெருக்கத்தில் பிரகாசமான நட்சத்திரம் எல்லாம் குட்டிச் சிலுவை. மூன்றையும் சேர்த்து சார் ஒரே தீர்ப்பு எழுதிவிட்டார்: லென்ஸ் மோசம்.

பெட்டியோடு ஒரு சான்றிதழும் வந்திருந்தது. 532 நானோமீட்டர் பச்சை லேசரில் அளந்தது, ஸ்ட்ரெல் 0.97 என்று அச்சிட்டு, கீழே கையெழுத்து. விற்றவருக்கு மெயில் போட்டதற்கு, சொந்தச் செலவில் திருப்பி அனுப்புங்கள், பார்க்கிறோம் என்று பதில். கஸ்டம்ஸ், இன்சூரன்ஸ், போகிற வழியில் விழுகிற குலுக்கல் எல்லாம் யோசித்துப் பார்த்து, சார் வேறொரு முடிவுக்கு வந்திருந்தார்: கேமரா ரிப்பேர் பார்க்கிற ஒருவரிடம் கொடுத்து லென்ஸைக் கழற்றித் துடைத்து மாட்டுவது. நான் அன்றைக்கே பஸ் ஏறியது அதைத் தடுக்கத்தான். ட்ரிப்லெட்டில் கண்ணாடிகளுக்கு இடையிலான இடைவெளி மட்டுமல்ல, ஒவ்வொன்றும் மற்றதைப் பார்த்து எந்தப் பக்கம் திருப்பி வைக்கப்பட்டிருக்கிறது என்பதிலும் கணக்கு உண்டு. கழற்றிவிட்டுப் பழையபடி சேர்க்கப் பார்ப்பது உடைத்த தேங்காயை ஒட்டவைக்கிற வேலை.

அந்த 0.97 என்ன என்று சொல்லிவிடுகிறேன். குறையே இல்லாத லென்ஸ்கூட நட்சத்திரத்தைப் புள்ளியாகக் காட்டாது, நடுவில் ஒரு சின்ன வட்டும் சுற்றி மங்கலான வளையங்களுமாகத்தான் காட்டும். அதற்கு ஏரி வட்டு என்று பெயர். 1835-ல் அதைக் கணக்குப் போட்டுக் காட்டிய ஜார்ஜ் ஏரி பெயரால் வந்தது, நம் ஊர் ஏரிக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை (குளம் பின்னால் வரும்). குறையற்ற லென்ஸில் அந்த வட்டின் உச்சப் பிரகாசத்தை 1 என்று வைத்தால், நம்முடைய லென்ஸில் அது எவ்வளவு என்பதுதான் ஸ்ட்ரெல். 0.8 என்றால் பாஸ். ஒளியின் அலைமுகப்பு சராசரியாக அலைநீளத்தில் 14-ல் ஒரு பங்கு கோணினால் அந்த 0.8 வரும், 28-ல் ஒரு பங்கு மட்டுமே கோணினால் 0.95. இந்த எண்ணைக் கொண்டுவந்த கார்ல் ஸ்ட்ரெல் ஜெர்மனியில் பள்ளி ஆசிரியர் என்று சொன்னதும் சாருக்கு முகம் மலர்ந்துவிட்டது.

"அப்ப அது வாத்தியார் போட்ட மார்க்குடே. நாமளும் பேப்பரைத் திருத்தி மார்க் போட்டிருவோம்."

வீட்டில் வைத்து மார்க் போட முடியாது சார், எந்தக் கேள்வியில் தப்பு என்று மட்டும் கண்டுபிடிக்கலாம் என்றேன். அரைமனதாகத் தலையாட்டினார்.

லென்ஸ் சோதனை என்றால் எல்லோரும் சொல்லிக்கொடுப்பது, துருவ நட்சத்திரத்தைப் பார் என்பதுதான். அது நகராது, மோட்டார் வேண்டாம், நிதானமாக வளையங்களைப் பார்க்கலாம். ஐரோப்பாவில் உட்கார்ந்து எழுதியவர்களுக்கு அது சரி. தக்கலையில் துருவ நட்சத்திரம் அடிவானத்திலிருந்து 8 பாகை உயரத்தில்தான் நிற்கும். வடக்கே மலை, மலைக்கு முன்னால் தென்னை, இரண்டையும் தாண்டித் தெரிந்தாலும் அவ்வளவு தாழ்வில் காற்று பட்டகம் மாதிரி நிறத்தைப் பிரித்துவிடும், நீலம் மேலே, சிவப்பு கீழே. லென்ஸின் நிறக்குறையையும் காற்றின் நிறக்குறையையும் அங்கே பிரிக்கவே முடியாது. சார் முதல் வாரம் முழுவதும் அதைத்தான் பார்த்துக் கவலைப்பட்டிருக்கிறார்.

நமக்கு வாய்த்தது வேறு. திருவாதிரை, திருவோணம், புரோசியான் மூன்றும் இந்த ஊரில் கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு நேரே கடக்கிறவை. நேர் உச்சியில் காற்று நிறத்தைப் பிரிக்காது, காற்றின் கனமும் குறைவு. திருவாதிரை சிவப்பு, நிறம் பார்க்க ஆகாது. பிப்ரவரியில் இரவு பத்து பதினோரு மணிக்கு உச்சிக்கு வருகிற வெள்ளை நட்சத்திரம் புரோசியான். அதைப் பிடித்தோம். குழாயை வெளியே வைத்து முக்கால் மணி நேரம் ஆறவிட்டோம், உள்ளே 30 டிகிரி செல்சியஸில் இருந்த கண்ணாடி வெளிக்காற்றின் சூட்டுக்கு வராமல் எதைப் பார்த்தாலும் வெந்நீர் வழியாகப் பார்த்த மாதிரிதான் இருக்கும்.

குட்டிச் சிலுவைதான் முதலில் தீர்ந்தது. ஐபீஸ் என்பது கண்ணை வைத்துப் பார்க்கிற சின்ன லென்ஸ், அதை மாற்றினால் உருப்பெருக்கம் மாறும். 24 மிமீ ஐபீஸில் 38 மடங்கு, அப்போது ஐபீஸிலிருந்து வெளியே வரும் ஒளிக்கற்றையின் அகலம் 3.4 மிமீ. கண்மணியின் பெரும்பகுதி அதில் வேலை செய்கிறது. சாரைத் தலையை ஒரு பக்கம் சாய்க்கச் சொன்னேன். சிலுவையும் கூடவே சாய்ந்தது. ஐபீஸைத் திருப்பினோம், சிலுவை அசையவில்லை. 5 மிமீ ஐபீஸ் போட்டால் 182 மடங்கு, கற்றை 0.7 மிமீ, கண்ணின் நட்டநடுவில் ஒரு துளி மட்டும் பயன்படும், சிலுவை காணாமல் போனது. சார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்க்கிற ஆள், அதில் சிலிண்டர் பவர் 1.25, அதாவது கண்ணின் வளைவு எல்லாத் திசையிலும் ஒன்றுபோல் இல்லாததற்குப் போடுகிற பவர்.

"எனக்க கண்ணாடே அது?" என்று கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. ஒரு வாரம் லென்ஸைத் திட்டியிருக்கிறார் பாவம்.

182 மடங்கிலும் நீள்வட்டம் மட்டும் போகவில்லை. தலையைச் சாய்த்தாலும் ஐபீஸைத் திருப்பினாலும் அது அப்படியே நின்றது. மிச்சம் இருப்பது டயகனலும் லென்ஸும். டயகனல் என்பது ஒளியை 90 பாகை மடக்கி, குனியாமல் பார்க்க வசதி பண்ணுகிற கண்ணாடிப்பெட்டி. அதைக் கழற்றிவிட்டு நேரே பார்த்தால் தெரிந்துவிடும், ஆனால் டயகனல் எடுத்துக்கொள்ளும் நீளம் இல்லாமல் போக்கஸ் எட்டாது. மறுநாள் கோட்டாற்றில் ஒரு லேத் பட்டறையில் 100 மிமீ நீளத்துக்கு அலுமினியக் குழாய் கடைந்து வாங்கினோம். அன்று இரவு, மட்டுப்பாவில் (மொட்டைமாடியில்) பாயை விரித்து, உச்சியை நோக்கி நிற்கிற குழாய்க்கு அடியில் தலையைக் கொடுத்து மல்லாந்து கிடந்து பார்க்க வேண்டியதாயிற்று. எழுபதை நெருங்குகிற மனிதர், டெலஸ்கோப்புக்குக் கீழே கார் மெக்கானிக் மாதிரி நுழைந்து, "வட்டம்டே, வட்டம்!" என்று கத்தினார். கீழே டீச்சர் விளக்கைப் போட்டார்.

டயகனலைப் பிரித்துப் பார்த்ததில், கண்ணாடியைப் பின்னாலிருந்து அழுத்தும் தட்டின் திருகுகளில் ஒன்று கடுமையாக முறுக்கப்பட்டிருந்தது. சமதளக் கண்ணாடி துளி வளைந்தாலும், 45 பாகையில் வைத்துப் பயன்படுத்தும்போது அது நேரே அஸ்டிக்மாட்டிசமாக, அதாவது ஒளி ஒரு திசையில் ஒரு தூரத்திலும் குறுக்குத் திசையில் வேறு தூரத்திலும் குவிகிற குறையாக வெளிப்படும். திருகைக் கால் சுற்றுத் தளர்த்தினோம், நீள்வட்டம் குறைந்தது, முழுக்கப் போகவில்லை. வேறு டயகனல் மாட்டிப் பார்த்தோம், போய்விட்டது. இரண்டாவது புகார் முடிந்தது.

வால் மட்டும் பாக்கி. அந்த மாதம் வியாழன் மிதுனத்தில், உச்சியிலிருந்து 15 பாகை அளவில்தான் இருந்தது, ஆகவே காற்றைக் குறை சொல்ல வழியில்லை. வாலை நிதானமாகப் பார்க்க, இரவும் மோட்டாரும் வேண்டாத ஒரு நட்சத்திரம் தேவைப்பட்டது. பகலில் ஒன்றைச் செய்துவிடலாம், செலவு ஐந்து ரூபாய்கூட ஆகாது. சைக்கிள் பின்சக்கரத்தில் போடுகிற கால் அங்குல பால்ரஸ் குண்டு ஒன்றைக் கறுப்புத் துணியில் ஒட்டி வெயிலில் வைத்தால், அதன் முதுகில் சூரியனின் பிம்பம் ஏறத்தாழ 15 மைக்ரான் அகலத்துக்குச் சுருங்கி மின்னும். 80 மீட்டர் தள்ளி நின்று பார்த்தால், இந்த லென்ஸின் ஏரி வட்டு அந்தத் தூரத்தில் 0.8 மிமீ அகலம். அதற்கு முன்னால் 15 மைக்ரான் எல்லாம் புள்ளிதான். பிரகாசமும் வியாழனுக்குச் சமமாக வரும்.

80 மீட்டருக்கு எங்கே போவது? ரோட்டுக்கு மேலே பார்த்தால் தார்ச்சூடு எழும்பி எல்லாவற்றையும் நெளியவைக்கும். சார் வீட்டுக்குப் பின்னால் குளம். குமரி மாவட்டத்தில் குளத்துக்கா பஞ்சம். தண்ணீருக்கு மேலே காலை ஏழு ஏழரைக்குக் காற்று அடங்கி நிற்கும். அக்கரையில் தென்னை மூட்டில் பால்ரஸை நட்டுவிட்டு இக்கரையில் குழாயை வைத்தோம். இவ்வளவு கிட்டத்தில் இருப்பதால் போக்கஸ் வானத்து நட்சத்திரத்தைவிட 10.5 மிமீ வெளியே தள்ளி விழும், லேத்தில் கடைந்த குழாய் இங்கேயும் கைகொடுத்தது. குளிக்க வந்தவர்கள் எல்லாம் என்ன சார் அக்கரையில், யார் வீட்டைப் பார்க்கிறீர்கள் என்று கேட்டுவிட்டுத்தான் போனார்கள். இப்படிக் குழாயைப் படுக்கவைத்துப் பார்க்கிற எவரும் சூரியன் எந்தப் பக்கம் எழும்புகிறது என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள், குழாய் தப்பித்தவறி அந்தப் பக்கம் திரும்பினால் கண் போய்விடும்.

போக்கஸரை 1 மிமீ உள்ளே நகர்த்தினால் சுமார் ஐந்து வளையம் விரியும். ஒரு வளையத்துக்கு 0.2 மிமீ என்று வைத்துக்கொள்ளலாம். வளையங்கள் எல்லாம் வட்டம்தான், ஆனால் ஒரே மையத்தில் இல்லை, வெங்காயத்தைக் கோணலாக நறுக்கினாற்போல் ஒரு பக்கம் நெருங்கியும் மறுபக்கம் அகன்றும் நின்றன. சரியான போக்கஸில் ஏரி வட்டைச் சுற்றிய முதல் வளையம் முழுதாக இல்லை, ஒரு பக்கம் மட்டும் கனத்த பிறை. இதுதான் கோமா, வியாழனில் வாலாகத் தெரிந்தது இதுதான்.

கோமா என்றதும் லென்ஸ் அரைத்ததில் பிழை என்று முடிவு கட்ட வேண்டியதில்லை. லென்ஸைத் தாங்குகிற வளையம், செல் என்பார்கள், அது குழாய்க்குத் துளி சாய்ந்து நின்றாலும் இதே பிறை வரும். இரண்டையும் பிரித்துக் காட்ட செஷயர் ஐபீஸ் என்று ஒரு எளிய கருவி இருக்கிறது, லென்ஸே இல்லாத குழாய், உள்ளே 45 பாகையில் வெட்டிய பளபளப்பான முகம், நடுவில் ஓட்டை. டெலஸ்கோப்பின் மூடியை மூடிவிட்டு, பக்கவாட்டில் டார்ச் அடித்து, ஓட்டை வழியாகப் பார்த்தால் லென்ஸின் ஒவ்வொரு பரப்பும் ஒரு வெளிச்ச வட்டத்தைத் திருப்பி அனுப்பும். ட்ரிப்லெட்டில் சிலது பளிச்சென்றும் சிலது மங்கலாகவும் நாலைந்து தெரியும். இங்கேதான் தீர்ப்பே இருக்கிறது: எல்லா வட்டமும் ஒரே கூட்டமாக மையத்திலிருந்து விலகியிருந்தால் செல் சாய்ந்திருக்கிறது, திருகினால் சரியாகும். வட்டங்கள் ஒன்றைவிட்டு ஒன்று சிதறி நின்றால் உள்ளே ஏதோ ஒரு கண்ணாடி நகர்ந்திருக்கிறது, அது தயாரித்தவரிடம் போக வேண்டிய கேஸ்.

எங்களுடையது கூட்டமாக விலகியிருந்தது. மூச்சு வந்தது. செல்லின் விளிம்பில் மூன்று ஜோடித் திருகு, ஒன்று தள்ளும், ஒன்று இழுக்கும். ஒன்றைத் தளர்த்தாமல் இன்னொன்றை இறுக்கினால் செல்லையே வளைத்துவிடலாம். ஆலன் கீயை எட்டில் ஒரு சுற்று, ஒருமுறை செஷயரில் பார்ப்பது, மறுபடி எட்டில் ஒரு சுற்று. நான் திருக, சார் ஓட்டை வழியாகப் பார்த்து "கொஞ்சம், கொஞ்சம், போச்சு, வா" என்று சொல்ல, அவர் டிரைவிங் ஸ்கூல் நடத்தியிருக்கலாம் என்று தோன்றியது. ஒரு மணி நேரத்தில் எல்லா வட்டமும் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொண்டது, ஒரே ஒரு மங்கல் வட்டம் தவிர. அது மயிரிழை தள்ளி நின்றது. எவ்வளவு திருகினாலும் அது வரவில்லை. அதை அப்படியே குறித்து வைத்தேன். மறுநாள் காலை பால்ரஸில் பிறை போய் வளையம் முழுதாக வந்தது.

இதோடு நிறுத்தியிருக்கலாம். புகார் மூன்றும் தீர்ந்துவிட்டது. ஆனால் சாருக்கு மார்க் வேண்டும். அந்தப் பச்சை லேசர் சான்றிதழை எடுத்து எடுத்துப் பார்த்தார். சரி, கண்ணாடியின் வளைவு எப்படி இருக்கிறது என்று ஒரு தடவை பார்த்துவிடுவோம் என்று நானும் ஒத்துக்கொண்டேன்.

முறை பழையது. லென்ஸின் குவியத்தில் ஒரு விளக்கை வைத்தால் ஒளி இணைகற்றையாக முன்னால் வெளியேறும். எதிரே மிகத் துல்லியமான சமதளக் கண்ணாடி ஒன்றை வைத்தால் அது அப்படியே திரும்பி வந்து அதே குவியத்தில் விழும். லென்ஸை இரண்டு முறை கடப்பதால் பிழையும் இரட்டிப்பாகத் தெரியும். திரும்பி வரும் ஒளியை நெருக்கமான கோடுகள் போட்ட ஒரு சல்லடை வழியாகப் பார்த்தால் கோடுகள் நேராக இருக்கிறதா வளைகிறதா என்பதிலேயே லென்ஸின் ஜாதகம் தெரியும். சல்லடை முறை இத்தாலிய இயற்பியலாளர் வாஸ்கோ ரோங்கி 1923-ல் கொண்டுவந்தது. அந்தச் சல்லடைக்கு நாங்கள் பெரிதாக அலையவில்லை. 2540 டிபிஐ பிலிம் எடுக்கிற பழைய மிஷின் வைத்திருந்த ஒரு ஆப்செட் அச்சகத்தில், பத்துப் புள்ளி கறுப்பு, பத்துப் புள்ளி வெளிச்சம் என்று கோடு போட்டு பாசிட்டிவ் எடுத்தோம். ஒரு மில்லிமீட்டரில் ஐந்து கோடு.

சமதளக் கண்ணாடிதான் சிக்கல். 130 மிமீக்கு மேல் அகலமாக, அந்தத் துல்லியத்தில் வாங்கப் போனால் டீச்சரிடம் மறைக்க இன்னொரு பாதி விலை வேண்டும். அசையாமல் நிற்கிற எண்ணெய்ப் பரப்பைவிடச் சமதளம் எங்கே கிடைக்கும்? பூமியின் உருண்டைக்கு ஏற்ப அது வளையும்தான், ஆனால் 130 மிமீ அகலத்தில் அந்த வளைவு நானோமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு. பச்சை அலைநீளத்தில் ஆயிரத்தைந்நூறில் ஒரு பங்குக்கும் குறைவு. நாம் போகக்கூடிய எந்தப் பட்டறையும் அதைவிடச் சமமாகத் தேய்த்துத் தரப்போவதில்லை. டெலஸ்கோப்பைத் தலைகீழாக, தரையைப் பார்க்கத் தொங்கவிட வேண்டும், அவ்வளவுதான்.

டீச்சரின் பெரிய பித்தளைத் தாம்பாளம் வந்தது. எண்ணெய் பாத்திரத்தின் ஓரத்தில் மேலேறி வளையும் என்பதால் லென்ஸைவிட நாலைந்து சென்டிமீட்டராவது சுற்றிலும் அகலம் வேண்டும். முதலில் தேங்காய் எண்ணெய் ஊற்றினோம், வீட்டில் இருப்பது அதுதானே. எண்ணெய்ப் பரப்பு திருப்பி அனுப்புவது மூன்றரை சதவீத ஒளிதான். துலக்கிய பித்தளை அடித்தட்டு அதைவிடப் பலமடங்கு அனுப்பி எல்லாவற்றையும் கெடுத்துவிட்டது. அடித்தட்டே தெரியாத எண்ணெய் வேண்டும். மறுநாள் பைக் ஒர்க்‌ஷாப்பில் வடித்து வைத்திருந்த கறுத்த இன்ஜின் ஆயில் ஒரு லிட்டர் வாங்கி, துணியில் வடிகட்டி ஊற்றினோம். அரை சென்டிமீட்டர் ஆழம். டார்ச் அடித்துப் பார்த்தபோது நாங்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அதையேதான் நினைத்தோம்: பத்மநாபபுரம் அரண்மனைத் தரை. அதே கறுப்பு, அதே முகம் தெரிகிற மினுமினுப்பு.

டீச்சர் வாசல்படியில் நின்று பார்த்தார். "இத்தனை லட்சம் குடுத்து வாங்கினது நட்சத்திரத்தைப் பாக்கவா, ஒர்க்‌ஷாப் ஆயிலைப் பாக்கவா?" சார் தாம்பாளத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

இரவு ஒரு மணிக்கு மேல்தான் ரோட்டில் லாரி குறைந்தது. குழாயை முக்காலியின் பக்கத்தில் நேர் கீழே பார்க்கத் திருப்பி, பூட்டி, கயிறும் கட்டி, லென்ஸுக்கு மேலே கழன்று விழக்கூடிய எதுவும் இல்லை என்று இரண்டு முறை தடவிப் பார்த்தேன். போக்கஸரில் பிலிம், பிலிமின் ஒரு பாதிக்குப் பின்னால் எல்.இ.டி., மறுபாதியில் கண். குழாய் செங்குத்திலிருந்து 2 கலைநிமிடம் (ஒரு பாகையில் 30-ல் ஒரு பங்கு) சாய்ந்தாலே திரும்பி வரும் புள்ளி 1 மிமீ விலகிவிடும், அதைத் தேடிப் பிடிக்கவே ஒரு மணி நேரம் போயிற்று. பிடித்த பத்தாவது நிமிடம் ஒரு விட்டில் வந்து எண்ணெயில் விழுந்தது. கோடெல்லாம் பாம்பாக நெளிந்து, கெட்டி எண்ணெய் ஆனதால் கொஞ்ச நேரத்தில் தானாக அடங்கியது. விட்டிலைத் துடைப்பக் குச்சியால் எடுத்துவிட்டு மறுபடி.

பச்சையில் கோடுகள் கோரைப்பாய் மாதிரி நேர். பிலிமை முன்னும் பின்னும் நகர்த்தினாலும் அப்படியே. சார் வாயைத் திறக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தார். சிவப்பு எல்.இ.டி. மாற்றினேன், கோடுகள் நடுவில் லேசாக உப்பின. நீலத்தில் எதிர்ப்பக்கமாக வளைந்தன, சிவப்பைவிட அதிகமாகவே, கடைசி விளிம்பில் சின்னக் கொக்கியும் இருந்தது. "கெட்டதாடே?" என்றார். இல்லை சார், இது எல்லா ட்ரிப்லெட்டிலும் ஏதோ ஒரு அளவில் உண்டு. லென்ஸின் நடுவும் ஓரமும் ஒளியை வேறு வேறு தூரத்தில் குவிப்பதுதான் கோளப்பிறழ்ச்சி, அதை ஒரு நிறத்துக்குத்தான் முழுக்க ஒழிக்க முடியும், வடிவமைப்பவர் பச்சையைத் தேர்ந்தெடுப்பார், ஏனென்றால் கண்ணுக்கு அங்கேதான் கூர்மை. சிவப்பு ஒரு பக்கமும் நீலம் மறுபக்கமும் ஒதுங்கும். எஃப்பிஎல்-53 போன்ற கண்ணாடி நிறத்தை மிகக் குறைவாகச் சிதறடிக்கும், அதன் ஆபே எண் (இது கூடினால் நிறச்சிதறல் குறைவு) 95-க்குப் பக்கம், சாதாரண கிரவுன் கண்ணாடிக்கு 64. அதனால் ஒதுக்கம் குறையுமே தவிர இல்லாமல் போகாது. சான்றிதழ் பொய் இல்லை. அது பச்சையைப் பற்றி மட்டும் பேசுகிறது, அவ்வளவே. (கண்ணாடியைக் கடைசியாக மெருகேற்றும் தூள் சீரியம் ஆக்சைடு. சீரியமும் லாந்தனமும் தோரியமும் சேர்ந்த மோனசைட் நம் மணவாளக்குறிச்சி கறுப்பு மணலில் கிடக்கிறது என்று சொன்னேன், சார் அதை ஏற்கெனவே முப்பது வருடம் பாடமாக நடத்தியிருக்கிறார்.)

இந்தச் சோதனையை வைத்து எதைச் சொல்லக் கூடாது என்பதையும் எழுதிவிடுகிறேன். லென்ஸ் தலைகீழாகத் தொங்கும்போது கண்ணாடிகளின் எடை முன்வளையத்தில் விழுகிறது, வானத்தைப் பார்க்கும்போது பின்பக்கம். ஆகவே சாய்வு, நகர்வு போன்ற விஷயங்களுக்கு எண்ணெய்ச் சோதனை சாட்சி ஆகாது, வளைவுக்கு மட்டும்தான். அஸ்டிக்மாட்டிசத்தையும் ரோங்கி கோடு எளிதில் காட்டாது, அதற்கு வளையம் பார்ப்பதுதான் வழி. கண்ணால் கோட்டைப் பார்த்து 0.97-ஆ 0.93-ஆ என்று சொல்கிறவரை நான் நம்பமாட்டேன். கால் அலைக்கு மேல் கோணல் இருந்தால் தெரிந்திருக்கும், பச்சையில் தெரியவில்லை, என்னால் சொல்ல முடிந்தது அவ்வளவுதான்.

அந்த மங்கல் வட்டம் இன்னும் இருக்கிறது. புரோசியானை உச்சியில் வைத்து 260 மடங்கில் பார்த்தால், ஏரி வட்டின் ஒரு ஓரத்தில் துளி செம்மை இருக்கிற மாதிரி எனக்குத் தெரிகிறது, சாருக்குத் தெரியவில்லை. ஒரு கண்ணாடி மயிரிழை மையம் விலகியிருந்தால் அப்படித்தான் இருக்கும். கூரியரில் விழுந்த அடியாக இருக்கலாம், ஆரம்பத்திலேயே இருந்ததாகவும் இருக்கலாம். அதற்காகத் திருப்பி அனுப்புவதா என்று கேட்டார். நானாக இருந்தால் அனுப்பமாட்டேன் என்றேன். போகிற வழியில் இன்னொரு குலுக்கல், வருகிற வழியில் மற்றொன்று.

மார்ச் முதல் வாரம், மழை பெய்து ஓய்ந்த மாதிரி துடைத்துவிட்ட வானம், இலை அசையவில்லை. சிரியஸ் பக்கம் திருப்பினோம். லண்டனில் அது 22 பாகைக்கு மேல் ஏறாது, நமக்கு 65 பாகையில் நிற்கிறது. அதன் துணை நட்சத்திரம் சிரியஸ் பி, சிரியஸின் பிரகாசத்தில் அமுங்கிப்போய் 11 விகலை (ஒரு விகலை என்பது பாகையில் 3600-ல் ஒரு பங்கு) தள்ளி இருக்கும். 1862 ஜனவரியில் அமெரிக்க லென்ஸ் தயாரிப்பாளர் ஆல்வன் கிரகாம் கிளார்க் அதை முதலில் பார்த்ததும் ஒரு லென்ஸ் சோதனையில்தான், அப்பாவோடு சேர்ந்து செய்த புது 18.5 அங்குல லென்ஸைச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது. சார் கால் மணி நேரம் அசையாமல் நின்றார். பிறகு கையை மட்டும் தூக்கி, "இருக்குடே. இடப்பக்கம், கீழே. போச்சு. இன்னா வந்திட்டு" என்றார். நான் பார்த்தபோது காற்று கலங்கிவிட்டது. பார்த்தேன் என்று சொல்லமாட்டேன்.

கிளம்பும்போது சார் சான்றிதழ் ஃபைலை எடுத்துக் காட்டினார். 0.97-க்குப் பக்கத்தில், விடைத்தாள் திருத்துகிற அதே சிவப்பு மையில், சாய்வான கையெழுத்தில் எழுதியிருந்தார்: பச்சையில் மட்டும். டீச்சர் தாம்பாளத்தைப் புளி போட்டு மூன்றாம் முறையாகத் தேய்த்துக்கொண்டிருந்தார்.